பூச்சியா, பொறியா, திரையா?

குடியாத்தத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, தறி நெய்தவர். 12 வருஷமாகச் சர்க்கரை. வலது கண்ணில் போன வருஷம் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. ஐந்து நாளாக அந்தக் கண்ணில் “பூச்சி பறக்குது, ராத்திரி ஓரத்துல மின்னுது” என்கிறார். உடம்புச் சூடுதான், எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதே வீட்டில் 84 வயது ஆயாவும் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கியவர், ஒரு மாதமாகத் திண்ணையில் சின்னப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். இரண்டும் ஒரே நோயா, யாரிடம் காட்டுவது என்பது கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவை நாளைக் காலையிலேயே ரெட்டினா, அதாவது விழித்திரை பார்க்கும் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எண்ணெய்க் குளியல் அப்புறம் இருக்கட்டும். “ஓரத்துல கறுப்பா ஏதோ மறைக்குது” என்று அவர் புதிதாகச் சொன்னால் காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கிளம்புங்கள். ஆயாவுக்கு வந்திருப்பது வேறு சங்கதி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் 30 வருஷத்துக்கு மேல் கண் பரிசோதகராக இருந்தவன். எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்டே காலம் போனது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்னதில் என்னை அதிகம் குழப்பிய வார்த்தை இந்தப் ‘பூச்சி பறக்குது’தான். சாப்பிடாமல் எழுந்தால் பூச்சி பறக்கும். பிரஷர் இறங்கினால் பூச்சி பறக்கும். ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் பறக்கும், கண்ணுக்குள் ரத்தம் கசிந்தாலும் பறக்கும். வாயில் வருவது ஒரே வார்த்தை, உள்ளே நடப்பது ஆறேழு விதம். நல்லவேளையாக நம்மிடம் ‘பொறி பறக்குது’ என்று இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. பூச்சி என்றால் கறுப்பாக மிதப்பது, பொறி என்றால் வெளிச்சமாகத் தெறிப்பது. உங்கள் அப்பா இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எனக்கு அவசரம்.

கருவிழிக்கும் லென்ஸுக்கும் பின்னால், கண்ணின் பெரும்பகுதியை ஒரு ஜெல்லி அடைத்துக்கொண்டிருக்கிறது. இளநுங்கை விரலால் தோண்டினால் வருமே, அந்த வழவழப்பு. அளவு சுமார் 4 மில்லி, அதில் 98 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். மிச்சம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்கள். வயது ஏற ஏற, புளித்த தயிர் நீர் விடுவதுபோல இந்த ஜெல்லியும் நீர் விட்டுச் சுருங்குகிறது. நார்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுகொள்கின்றன. வெளிச்சம் அவற்றின் வழியாகப் போகும்போது பின்சுவரான விழித்திரையில் நிழல் விழுகிறது. நமக்குப் பூச்சியாக, நூலாக, சிலந்தி வலையாகத் தெரிவது அந்த நிழல். கண்ணைத் திருப்பினால் அதுவும் ஓடும், கண்ணை நிறுத்தினால் ஒரு நொடி பிந்தி மெல்ல மிதந்து இறங்கும். துரத்திப் பிடிக்க முடியாததற்குக் காரணம், அது நம் கண்ணோடு சேர்ந்தே ஓடுவதுதான்.

எனக்கே 59 வயதில் வந்தது. காட்பாடி ஸ்டேஷனில் காலை வண்டிக்காக உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு ஈ. கையால் விசிறினேன். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை விசிறியபோது பக்கத்தில் இருந்த அம்மா, “எங்க சார் ஈ? நானும் பாக்கறேன், ஒண்ணையும் காணோமே” என்றார். அப்போதுதான் உறைத்தது. இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன், ஈ போய்விட்டது. திறந்தேன், வந்துவிட்டது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால், உடைந்த வளையல் துண்டு மாதிரி ஒரு வளைவு ஆடிக்கொண்டு போனது. ஆயிரம் பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன், எனக்கு வந்தபோது ஈ என்றுதான் நினைத்தேன்.

அந்த வளையல் துண்டுக்கு அர்த்தம் உண்டு. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஜெல்லி வட்டமாக ஒட்டியிருக்கும். சுருங்கும் ஜெல்லி ஒருநாள் அந்தப் பிடியை விட்டு மொத்தமாகப் பின்சுவரிலிருந்து கழன்றுவிடும். ஒட்டியிருந்த வட்டம் மட்டும் அதில் தொங்கிக்கொண்டு மிதக்கும். 50 வயதுக்கு மேல், அதிலும் 60களில், பெரும்பாலோருக்கு நடப்பதுதான் இது. கிட்டப்பார்வைக்கு அதிக பவர் கண்ணாடி போட்டவர்களுக்கும் புரை எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் முன்னதாகவே நடக்கும். எனக்கு அன்று மத்தியானமே மருந்து விட்டுப் பார்த்தார்கள், விழித்திரையில் கிழிசல் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். அந்த வளையல் இன்றைக்கும் இருக்கிறது, தேடினால்தான் தெரியும்.

உடம்புச் சூடு என்ற பேச்சை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. நம் பக்கத்தில் சித்திரை வெயிலில் நிறையப் பேருக்குப் பூச்சி தெரிவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் வெப்பம் இல்லை, வெளிச்சம். மரமில்லாத மலையும் தண்ணீரில்லாத பாலாறும் வெள்ளை வானமும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும்போது கண்பாப்பா, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் துளை, சுருங்கி ஊசித்துளையாகிறது. சின்னத் துளை வழியாக வரும் வெளிச்சத்தில் நிழல் இன்னும் கூர்மையாக விழும். பின்னணியும் வெறும் வெள்ளை. கார்த்திகை மழையில் அதே பூச்சி உள்ளேயேதான் இருக்கும், கண்ணில் படாது. எண்ணெய்க் குளியலால் உடம்புக்குச் சுகம் கிடைக்கலாம், ஜெல்லிக்கு அது போய்ச் சேராது.

இனிப் பொறி. விழித்திரைக்கு வலி தெரியாது. அதைக் கிள்ளினாலும் இழுத்தாலும் ‘வெளிச்சம்’ என்று ஒரே பதில்தான் சொல்லும். கன்னத்தில் அறை விழுந்தால் பொறி பறக்கிறது என்கிறோமே, அதன் சூட்சுமம் இதுதான். ஜெல்லி கழலும்போது எங்காவது கெட்டியாக ஒட்டியிருந்தால் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். இருட்டில், கண்ணைத் திருப்பும்போது, காதுப்பக்க ஓரத்தில் வில் மாதிரி ஒரு மின்னல் அடிக்கும். பெரும்பாலும் பிடி விட்டதும் நின்றுவிடும். சில பேருக்குப் பிடி விடாது, விழித்திரை கிழியும். புதிதாகப் பூச்சியும் பொறியும் வந்து காட்ட வருபவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர், சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேலே, கிழிசலோடு இருக்கிறார்கள். மீதி ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்த ஒருவர் யார் என்பது வீட்டில் உட்கார்ந்தபடி யாருக்கும் தெரியாது.

கிழிசல் மட்டும் இருந்தால் வேலை சுலபம். அதைச் சுற்றி லேசரால் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து ஒட்டிவிடுவார்கள். சில நிமிஷ வேலை, அன்றைக்கே வீடு திரும்பலாம். விட்டுவிட்டால் அந்த ஓட்டை வழியாக நீர் புகுந்து, சுவரிலிருந்து சுண்ணாம்பு பெயர்வதுபோல விழித்திரை பெயரும். அப்போது தெரிவது திரை. ஓரத்திலிருந்து கறுப்பாகவோ சாம்பலாகவோ கிளம்பி நடுவை நோக்கி வரும். நடுப்பார்வை மூடும் முன் ஆபரேஷன் செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பும், மூடிய பிறகு செய்தால் ஒட்டுவார்கள், ஆனால் பழைய தெளிவு முழுதாக வருவது அரிது. நூறு வருஷத்துக்கு முன்பு இந்த வாய்ப்பும் கிடையாது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஜூல் கோனின் என்ற டாக்டர்தான், விழித்திரை பெயர்வதற்குக் காரணம் கிழிசல், அதை அடைத்தால் பெயர்ந்தது ஒட்டும் என்று 1920களில் நிரூபித்தார். அதுவரை விழித்திரை பெயர்ந்த கண் ஏறக்குறைய போன கண்தான்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. பூச்சியும் மின்னலும் வந்தபோது மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்திரிகை கொடுத்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டார். கல்யாணம் முடிந்து என் முன்னால் உட்கார்ந்தபோது, பலகையில் முதல் எழுத்துகூடத் தெரியவில்லை. என் விரலை எண்ணச் சொன்னேன். “மேல பாதி தெரியுது சார், கீழ பாதி யாரோ துணி கட்டின மாதிரி இருக்கு” என்றார். ‘எப்போதிலிருந்து’ என்று கேட்டதற்கு, “முகூர்த்தத்தன்னைக்கே, தாலி கட்டறப்போ” என்றார். வலி இல்லாததுதான் அவரை ஏமாற்றியது. கண் நோய்களில் வலிக்காததுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது, சர்க்கரை. பல வருஷச் சர்க்கரையில் விழித்திரையில் புதிதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை தொட்டால் உடைகிற ரகம். ஜெல்லி இழுக்கும்போது உடைந்தால் ரத்தம் கசியும். அது ஒன்றிரண்டு பூச்சியாக இருக்காது, மிளகை அள்ளி வீசினதுபோலவோ அடுப்புப் புகை சுழல்வதுபோலவோ, சில பேருக்குச் சிவப்பாகவோ தெரியும். அப்படி இருந்தால் படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வையுங்கள், ரத்தம் கீழே தங்கி நடுப்பார்வை கொஞ்சம் தெளியும். ஆனால் தெளிந்ததும் குணமாகிவிட்டது என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். தெளிவது பார்வைதான், உடைந்த குழாய் அப்படியேதான் இருக்கும்.

‘பூச்சி’ என்று சொல்லி வருகிற மற்றவர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டி, சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் பறந்து, அரை நிமிஷத்தில் சரியானால் அது கண் நோய் இல்லை, பிரஷர் இறங்குவது. மாத்திரை அளவை டாக்டர் பார்க்கட்டும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானாலும் இப்படி வரும், வியர்வையும் நடுக்கமும் கூடவே இருக்கும்.

நடுவில் சின்னதாக ஆரம்பித்து, பளபளவென்று வளைந்து வளைந்து பெரிதாகி, 20 முதல் 30 நிமிஷத்தில் ஓரமாகப் போய் மறையும் கோடு இன்னொன்று. நம் வேலூர்க் கோட்டையின் மதிலை மேலிருந்து பார்த்தால் கொத்தளம் கொத்தளமாக உள்ளே வெளியே மடிந்து போகுமே, அப்படி. இங்கிலாந்தில் ஹ்யூபர்ட் ஏரி என்ற மருத்துவர் 1870இல் தனக்கு வந்ததையே வரைந்து, கோட்டை மதிலோடு ஒப்பிட்டு எழுதினார். இது ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பு. கண்ணில் நடப்பதில்லை, மூளையில் நடக்கிறது. அதனால் எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். வயதானவர்களுக்குத் தலைவலியே இல்லாமலும் இது வரும். ஆபத்தில்லாததுதான், ஆனால் 60க்கு மேல் முதல் தடவையாக வந்தால் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்.

ஒரு கண் மட்டும் ஷட்டர் இறக்கினதுபோல மறைந்து, சில நிமிஷத்தில் தானாகத் திரும்பினால் அது வேறு. ‘சரியாயிடுச்சே’ என்று விடக் கூடாது. கழுத்து ரத்தக் குழாயிலிருந்து துணுக்கு போய்க் கண்ணின் ரத்த ஓட்டத்தை அடைத்து விலகியிருக்கலாம், பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை. கண் டாக்டருக்குக் காத்திராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பல்பைச் சுற்றி வானவில் வளையம், கூடவே கண் சிவப்பு, தலைவலி, வாந்தி என்றால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கிறது. இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேலூர் நகரத்தில் 30 முதல் 60 வயதுக்காரர்களைப் பரிசோதித்து 1998இல் வெளியான ஆய்வில், கண்ணின் வடிகால் கோணம் அடைபடும் வகை அழுத்த நோய் 4.32 சதவீதம் பேருக்கு இருந்தது. வடிகால் திறந்தே இருக்கும் மற்ற வகை 0.41 சதவீதம்தான். வெள்ளைக்காரர்களிடம் இது தலைகீழ். நம் ஊர்க்காரர்கள் இந்த அறிகுறியை மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாக மதிக்க வேண்டும்.

கிளம்பும் முன் அப்பாவிடம் நான்கு கேள்வி கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த நேரத்தில் ஆரம்பித்தது? ஒரு கண்ணா இரண்டுமா (ஒவ்வொன்றாக உள்ளங்கையால் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், விரலால் அழுத்த வேண்டாம்)? கண்ணைத் திருப்பினால் கூடவே ஓடுகிறதா? எங்காவது மறைக்கிறதா? அப்படியே ஜன்னல் கம்பியையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கம்பி நடுவில் நெளிந்து தெரிந்தால் அதையும் எழுதுங்கள், அது விழித்திரையின் மையப்புள்ளி சம்பந்தப்பட்டது. பத்து நிமிஷ வேலை, டாக்டருக்குப் பாதி வழி மிச்சம்.

வேலூரில் ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1902இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் பிற்பாடு கண் ஆஸ்பத்திரி ஆனது. செலவு யோசித்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கே போனாலும் சீட்டு வாங்கும் இடத்தில் ‘கண் பரிசோதனை’ என்று மட்டும் சொன்னால் கண்ணாடி வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். ‘அஞ்சு நாளா திடீர்னு பூச்சியும் மின்னலும், புரை ஆபரேஷன் ஆன கண், சுகர் இருக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

உள்ளே பாப்பா விரிய மருந்து விடுவார்கள். எரியும், அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். பிறகு டாக்டர் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, “மேல பாருங்க, கீழ பாருங்க, மூக்கைப் பாருங்க” என்று எட்டுத் திசையும் பார்க்கவைப்பார். ஓரத்தைப் பார்க்க இமைமேல் மெல்ல அழுத்துவதும் உண்டு, கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால், அது இந்தப் பரிசோதனை ஆகாது. ரத்தம் மறைத்து உள்ளே தெரியாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். மருந்து விட்ட கண் நாலைந்து மணி நேரம் மங்கலாக, கூச்சமாக இருக்கும். அப்பா வண்டி ஓட்டக் கூடாது.

கிழிசல் இல்லை என்றால் நிம்மதியாகத் திரும்பலாம், நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபரிசோதனை. மின்னல் சில வாரம், சில பேருக்குச் சில மாதம்கூட நீடிக்கும். பூச்சிகள் மெல்லக் கீழே இறங்கும், மூளையும் பழகிவிடும். அவற்றைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ இல்லை. தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள், புரை எடுத்த கண்ணில் கிருமி போனால் பூச்சியைவிடப் பெரிய வம்பு. ஜெல்லியையே எடுத்துவிடும் ஆபரேஷன் உண்டு, ஆனால் அதிலேயே விழித்திரை பெயரும் அபாயம் கொஞ்சம் இருப்பதால் வெறும் பூச்சிக்காக டாக்டர்கள் சுலபத்தில் கை வைக்க மாட்டார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

இப்போது ஆயா. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு முகாமில், மனைவி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தார்: “சுவத்துல பொம்பளைங்க பூக்கூடையோட வரிசையா போறாங்க. யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னுடுவாங்க.” அவருக்குப் பைத்தியம் இல்லை. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் மையம் தேய்ந்திருந்தது. கண்ணிலிருந்து படம் வருவது குறைந்தால், பார்வைக்கென்று இருக்கும் மூளைப் பகுதி சும்மா இருக்காது, தன் சரக்கிலிருந்தே படம் ஓட்டும். குழந்தைகள், குள்ள மனிதர்கள், முகங்கள், செடிகொடி, கோலம் போன்ற பின்னல்கள். நிஜத்தில் மங்கலாகத் தெரிகிற ஆளுக்கு இவை மட்டும் துல்லியமாகத் தெரியும், சத்தம் இருக்காது. சுவிஸ் அறிஞர் சார்ல் போனே, புரையால் பார்வை மங்கிய தன் தாத்தா ஆட்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கண்டதை 1760இல் எழுதினார். போனேயின் பெயராலேயே டாக்டர்கள் இதை அழைக்கிறார்கள்.

ஆயாவிடம் பயமுறுத்தாமல் கேளுங்கள்: பிள்ளைகள் பேசுகிறார்களா? அவர்கள் நிஜமில்லை என்று அவருக்கே தெரிகிறதா? பேசவில்லை, நிஜமில்லை என்று தெரியும் என்றால் அநேகமாக இதுதான். பிள்ளைகள் வரும்போது விளக்கைப் போடுங்கள். சில தடவை கண் சிமிட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாக ஓட்டச் சொல்லுங்கள், பல பேருக்குக் கலைந்துவிடும். அவரோடு ‘யாரும் இல்லை’ என்று சண்டை போடாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும், அதோடு நின்றுவிடாமல் இருந்தால் போதும்.

ஆனால் பிள்ளைகள் பேசினால், ஆயா அவர்களுக்குச் சோறு எடுத்து வைத்தால், பகலும் இரவும் குழம்பினால், கை நடுக்கமோ நடை தளர்ச்சியோ கூட வந்தால், கண்ணை விட்டுவிட்டுப் பொது மருத்துவரிடம் போங்கள். மூத்திரத்தில் கிருமி, ரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை, எதுவும் 84 வயதில் இப்படிக் காட்டும். சில மறதி நோய்களும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று. அவருக்குப் பார்வை ஏன் மங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. ‘வயசாயிடுச்சு’ என்று விட்டிருந்தால், அது வெறும் புரையாகவும் இருக்கலாம். புரையை எடுத்துப் பார்வை தெளிந்தால் திண்ணைப் பிள்ளைகளும் எழுந்து போய்விடுவது உண்டு. நாளைக்கு அப்பாவுக்கு வண்டி பிடிக்கும்போது ஆயாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரை அட்டைகள், ஆபரேஷன் சீட்டு, திரும்பும்போது வெயிலுக்கு ஒரு குடை. மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரைக்காரர் காத்திருக்கும் இடத்தில் பசியோடு உட்காரக் கூடாது.